வேண்டாம் கேனில் ஒரு டம்ளர்

அன்று காலையும் அவள் கதவில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

தொங்கினாள் என்றால் பதற வேண்டாம். நாற்காலியில், படுக்கையறைக் கதவைப் பார்த்தபடி, வசதியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். தாடைக்கு அடியிலும் பின்மண்டையிலுமாக ஒரு பட்டை. பட்டையிலிருந்து ஒரு கயிறு மேலே போய், கதவின் உச்சியில் மாட்டியிருந்த இரும்புக் கொக்கியின் கப்பிகளில் ஏறி இறங்கும். நுனியில் ஒரு தண்ணீர்ப் பை, நாலு கிலோ. பை கீழே இழுக்க, தலை மேலே போக, கழுத்தெலும்புகளுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்த நரம்பு பதினைந்து நிமிடம் மூச்சு விட்டுக்கொள்ளும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

பையில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து மாட்டுவது அவள் கணவர் வேலை. முடிச்சைச் சரிபார்த்து, கயிற்றை இரண்டு தட்டு தட்டி, "எல்லாம் ஓகே, கதவு மூடப்படுகிறது" என்று லிஃப்ட்டுக்குள் பேசும் பெண் குரலில் சொல்வார். இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். அன்றும் சொன்னார்.

"சாயங்காலம் வர்றப்ப பாத்ரூம் பல்பு வாங்கிட்டு வந்துடறேன். ஞாபகப்படுத்தாத. ஞாபகம் இருக்கு."

"ம்."

"அது என்ன ம்? நம்பிக்கை இல்லாத ம் மாதிரி இருக்கே."

"ம்ம்."

"சரி சரி. வர்றேன்."

"ம்."

பட்டை தாடையைப் பிடித்திருக்கும்போது வாயைத் திறக்க முடியாது. அதனால் அந்த வீட்டில் கணவன் தடையில்லாமல் பேசக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு அரைமணி என்று மகள் கணக்கு வைத்திருந்தாள். அவர் அதை வீணடித்ததே இல்லை. உலக விஷயம், உள்ளூர் விஷயம், எந்தக் கட்டடத்தில் எந்த முதலாளி லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுதார் என்கிற விஷயம், எல்லாம் அப்போதுதான் வரும். அவள் ம் போடுவாள். ம்-இல் பதினோரு வகை இருப்பதாக அவர் சொல்வார்.

சாவிக்கொத்து குலுங்கியது. செருப்பு மாட்டும் சத்தம். வெளிக்கதவு திறந்து மூடிய சத்தம். திரும்பிப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர் என்ன சட்டை போட்டுக்கொண்டு போனார் என்பது அன்று மத்தியானம் வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

இனி கழுத்து விஷயம்.

அவள் வேலை பார்த்தது ஒரு பல் லேபில். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். மெழுகில் வரிசையாகப் பல் பதித்துப் பல்செட் செய்து கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம் குனிந்த தலை நிமிராமல். அந்த ஊரில் எத்தனை பேர் அவள் வைத்த பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கே தெரியாது. குடியிருப்பில் அவளுக்குப் பல்லம்மா என்று பேர். கணவர் லிஃப்ட்காரர்.

"நான் நாள் முழுக்க மேல பாக்குறேன், நீ நாள் முழுக்க கீழ பாக்குற. நடுவுல இருக்கிறத பாக்க ஆளே இல்லாமத்தான் வீடு இப்படிக் கெடக்கு" என்பார் அவர்.

கழுத்து முதலில் பிடித்துக்கொண்டது. பிறகு வலி தோளுக்கு இறங்கியது, தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து வலது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும். வலித்தால் ஒருவிதம். ஒரு கட்டத்தில் அந்த இரண்டு விரலும் சொரணை கெட்டுப்போய், கடன் வாங்கிய விரல் மாதிரி கிடந்தன. ஒருநாள் பல் டாக்டர் ஒருவர் போன் செய்தார்.

"அம்மா, போன வாரம் அனுப்பின செட்டுல கோரைப்பல்லு இடம் மாறியிருக்கு. மனுஷன் சிரிச்சா யாரையோ நக்கல் பண்ற மாதிரி இருக்குன்னு வீட்ல சண்டையாம்."

அவள் சிரித்துவிட்டு போனை வைத்தாள். வைத்தபிறகு சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு விரல் போனால் அவளுக்கு வேலை போயிற்று. அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

லிஃப்ட்காரர் சும்மா இருப்பாரா? தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் சித்தப்பா சுளுக்கெடுப்பதில் சூரன் என்று கூட்டிக்கொண்டு போனார். சூரன் அவள் தலையைத் தேங்காய் மாதிரி இரண்டு கையிலும் பிடித்து ஆராய்ந்து, "பயப்படாதம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு திருகு திருகினார். டப் என்ற சத்தம் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. நாலு நாள் அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்பவள் மாதிரி நடந்தாள். ஐந்தாம் நாள் லிஃப்ட்காரர், மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

"உங்கம்மா கழுத்து விஷயத்துல இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன். வேணும்னோ வேண்டாம்னோ ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"என் தலை என்னப்பா பாவம் பண்ணுச்சு?" என்றாள் மகள்.

பிறகுதான் முறையான டாக்டர், ஸ்கேன். ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவில் இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அமுக்குகிறது என்று படத்தில் பேனாவால் காட்டினார்.

"நிறையப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே சில மாசத்துல அடங்கிடும். மாத்திரை, பயிற்சி, இந்தக் கதவு கப்பி, இதெல்லாம் பாக்கலாம். வலிக்கு நீங்க டைம் எடுத்துக்கலாம். ஆனா கையில பலம் குறைஞ்சுக்கிட்டே போனா அப்ப டைம் எடுத்துக்காதீங்க. உடனே வாங்க."

"ஆபரேஷன்னா எப்படி டாக்டர்?"

"முன்கழுத்து வழியாப் போயி அந்தத் தட்டை எடுத்துட்டு வேற ஒண்ணு வைப்போம். குரல் கொஞ்ச நாள் கரகரன்னு இருக்கலாம். மத்தபடி எந்த ஆபரேஷனுக்கும் உண்டான பயம்தான்."

வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் அடக்கிப் பார்த்து முடியாமல் கேட்டார். "பின்னாடி இருக்கிற எலும்புக்கு முன்வாசல் வழியாவா போறீங்க?"

"அதுதாங்க கிட்ட வழி."

"புரியுது. மெஷின் ரூமுக்குப் போகாம, லிஃப்ட் ஏறி எறங்குற ஷாஃப்ட் வழியாப் போறீங்க" என்று அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டல்தான். அதற்குப் பிறகு கல்லுளிமங்கன் மாதிரி இருந்துவிட்டார். "நீ என்ன முடிவெடுத்தாலும் சரி" என்பார். அதைவிட எரிச்சலான வாக்கியம் உலகத்தில் கிடையாது.

முடிவெடுக்கவும் அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். பால்கனியில் துணிக்கொடி மாட்டும் வளையத்தில் ஒரு பழைய கப்பியைத் தொங்கவிட்டார். கயிற்றின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு தண்ணீர்க் கேன். ஒன்றில் பெரிய எழுத்தில் 'வேணும்', இன்னொன்றில் 'வேண்டாம்'. ஆபரேஷன் வேணும் என்பதற்கு ஒரு காரணம் சொன்னால் அந்தக் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர். வேண்டாம் என்பதற்குச் சொன்னால் இதில். எந்தக் கேன் தரையைத் தொடுகிறதோ அதுதான் முடிவு.

"அரை லிட்டர் வித்தியாசம் வந்தாத்தான் அசையும். கப்பி அப்படி" என்றார். "சொட்டுத் தண்ணிக்கு ஆடுற கப்பியில நான் ஆளை ஏத்த மாட்டேன்."

லிஃப்ட் என்றிருந்தால் பராமரிப்பு அட்டை இருக்க வேண்டும். கேன்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் உறையில் ஒன்றைத் தொங்கவிட்டார். தேதி, செய்த வேலை, கையெழுத்து. அதிகபட்ச எடை என்ற இடத்தில் 'ஒரு கழுத்து' என்று எழுதியிருந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காரணங்கள் குவிந்தன. வலி போகும், ஒரு டம்ளர். விரல் திரும்பும், பெரிய காரணம், இரண்டு டம்ளர். லேபில் ஒரு மாதம் லீவு தருவார்களோ என்னவோ, வேண்டாம் பக்கம் ஒரு டம்ளர். வந்திருந்த நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதே ஆபரேஷன்தான். குரலே போயிடுச்சு. இப்ப வீட்ல எல்லாமே சைகைதான்."

"அவர் பொண்டாட்டி எப்படி இருக்காங்க?" என்றார் லிஃப்ட்காரர்.

"சும்மா இருண்ணா. அண்ணி, ஊத்துங்க ஒரு டம்ளர்."

"நேர்ல பாத்தியா, கேள்விப்பட்டியா?"

"கேள்விப்பட்டதுதான்."

"கேள்விப்பட்டதுக்கு அரை டம்ளர்."

"இதென்ன அநியாயம்!"

பேரம் பேசி முக்கால் டம்ளரில் முடிந்தது. பொழுது சாயும்போது இரண்டு கேனும் ஒரே உயரத்தில் நின்றன.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது, அதைச் சொல்லவில்லை. மயக்க ஊசி போட்டுத் தூங்கினால் எழுந்திருக்காமல் போய்விடுவோமோ என்ற பயம். நாற்பத்தெட்டு வயதில் அதைச் சொன்னால் மகள் சிரிப்பாள். அவர் சிரிக்கமாட்டார், அது இன்னும் மோசம். அதனால் சாயங்காலம் துணி எடுக்கப் போகும்போது, காதும் காதும் வைத்த மாதிரி, வேண்டாம் கேனில் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டு வந்தாள். மறுநாளும் ஊற்றினாள். அது துணி எடுப்பதுபோல ஒரு வேலையாகிவிட்டது.

கேன் தரையைத் தொட்டபாடில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி முறைத்துக்கொண்டு அதே உயரத்தில் நின்றன.

"ஏங்க, அந்தக் கப்பி துருப்பிடிச்சிருக்கா? எண்ணெய் போடுங்களேன்."

"கப்பி நல்லாத்தான் இருக்கு. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"காரணம் ஏதாவது பாக்கி இருக்கா?"

"இல்லையே."

"ம்" என்றார் அவர். ம் போடுவது அவருக்கும் தொற்றியிருந்தது.

அதற்குள் வலது கையில் டம்ளர் நழுவ ஆரம்பித்திருந்தது. லேபில் ஒரு பிளாஸ்டர் தாடை கீழே விழுந்து இரண்டாக உடைந்தது, யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் டீயை இடது கையில் எடுத்துக்கொண்டாள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

படுக்கையறைக் கதவில் ஒரு சின்னத் தொல்லையும் இருந்தது. கப்பியை மாட்டிய இரும்புக் கொக்கி கதவின் தலையில் கவ்விக்கொண்டிருந்ததால் கதவு முழுதாக மூடாது. ஒரு விரல் அகலம் சந்து. "இத்தனை பெரிய மெக்கானிக் வீட்ல ஒரு கதவு மூட மாட்டேங்குது" என்று மகள் சொல்லும்போதெல்லாம் அவர், "வர்ற ஞாயித்துக்கிழமை" என்பார். அவர் வீட்டுக்குச் செய்த வேலையெல்லாம் வர்ற ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தது.

கேன்களைத் தொங்கவிட்ட இருபத்திரண்டாவது நாள்தான் அந்தக் காலை. பல்பு வாங்கி வருகிறேன் என்று போனார். ஒரு அலுவலகக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் வேலையை முடித்து, சரிபார்ப்பதற்காகத் தானே ஏறி, கீழே வரும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். லிஃப்ட் ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கி, தரைத்தளத்தில் மட்டம் பிசகாமல் நின்று, கதவைத் திறந்தது. அவர்தான் வெளியே வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். இதயம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தபோதுதான் பார்த்தாள்: நீலக் கட்டம் போட்ட சட்டை.

சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். நாத்தனார் மட்டும் பத்து நாள் இருந்தாள். "அண்ணி, இந்தக் கேனையெல்லாம் இறக்கிடவா? கொசு வரும்" என்றாள்.

"மூடிதான் இருக்கே. இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அவள் ஊற்றவில்லை. கதவிலும் தொங்கவில்லை. கழுத்து என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது என்று சொல்ல ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. அழுதால் தோள் குலுங்கியது, தோள் குலுங்கினால் கை முழுக்க மின்சாரம் ஓடியது. நிம்மதியாக அழக்கூட விடாத கழுத்து.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் தண்ணீர்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உக்காரும்மா. அப்பா மாதிரி எனக்குக் குரல் மாத்தி பேச வராது. தண்ணி பிடிக்க வரும்."

உட்கார்ந்தாள். பட்டை தாடையைப் பிடித்தது. மகள் கயிற்றை இரண்டு தட்டு தட்டினாள், கற்றுக்கொடுக்காமலே வந்திருந்தது. பிறகு பால்கனிக்குப் போய் அட்டையை எடுத்து வந்தாள்.

"வாராவாரம் அப்பா கையெழுத்து போடுவாரே. நாலு வாரம் விட்டுப்போச்சு. நான் போடட்டுமா?"

"ம்."

மகள் உறையிலிருந்து அட்டையை உருவினாள். பின்பக்கம் திருப்பினாள்.

"அம்மா, இங்க பென்சில்ல என்னமோ எழுதியிருக்காரு."

"ம்?"

"படிக்கிறேன் இரு. 'காலை ஆறு பத்து. வேண்டாம் கேனில் ஒரு டம்ளர் எடுத்தேன். காரணம் எழுத முடியாது. சத்தியம் இருக்கிறது.' கையெழுத்து."

அவளால் திரும்ப முடியவில்லை. மூக்குக்கு நேராகக் கதவு.

"அடுத்த நாள். 'நேற்று எடுத்த தண்ணீர் கேனுக்குத் திரும்பி வந்திருக்கிறது. மறுபடி எடுத்தேன்.' கையெழுத்து. அதுக்கும் அடுத்த நாள். 'ஆவியாகிக் குறைகிற தண்ணீர் பார்த்திருக்கிறேன். ஆவியாகிக் கூடுகிற தண்ணீர் சர்வீஸில் இப்போதுதான் பார்க்கிறேன். எடுத்தேன். செடிக்கு ஊற்றினேன்.' அம்மா! ராத்திரியோட ராத்திரியா ஊத்துனது யாரு, நீயா?"

"ம்."

"சாயங்காலமா?"

"ம்ம்."

"அடப்பாவிங்களா! மூணு வாரம் கப்பி அசையலன்னு நான் நெட்டுல போயி கப்பியப் பத்தி படிச்சேன்!"

அவள் சிரித்தாள். பட்டைக்குள் வாய் திறக்காமல் சிரித்தால் அது உடம்புக்குள்தான் போகும். தண்ணீர்ப் பை மேலும் கீழும் குதித்தது. லிஃப்ட்டைத் தொட்டால் அட்டையில் எழுதியாக வேண்டும். இருபத்தாறு வருஷப் பழக்கம். களவாணித்தனம் செய்யும்போதும் கை எழுதியிருக்கிறது.

"இன்னும் இருக்கு. 'கப்பிக்கு எண்ணெய் போடச் சொல்கிறாள். சிரிப்பை அடக்கியதில் விலா வலி.' கையெழுத்து."

மகள் குரல் அடுத்ததில் இறங்கியது.

"'இன்று டீயை இடது கையில் பிடித்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. இரண்டு டம்ளர் எடுத்தேன்.'"

அவள் ம் போடவில்லை. கண்ணிலிருந்து இறங்கியது தாடைப்பட்டையில் போய்ச் சேர்ந்தது. துடைக்கக் குனிய முடியாது.

"இடது கையா? எப்பருந்தும்மா? ஏன் சொல்லல?" மகள் பதிலுக்குக் காத்திருந்தாள். பட்டையைப் பார்த்துவிட்டு, "சரி, அப்புறம் வச்சுக்கறேன்" என்றாள். "கடைசி ஒண்ணு. அன்னைக்குக் காலையில எழுதினது. 'ஒரு டம்ளர் எடுத்தேன். பாத்ரூம் பல்பு. மறக்கக் கூடாது.'"

ஞாபகம் இருக்கு, ஞாபகப்படுத்தாதே என்று சொன்ன மனிதர்.

பதினைந்து நிமிடம் முடிந்ததும் அவள் பட்டையை அவிழ்த்துவிட்டு நேராகப் பால்கனிக்குப் போனாள். மகள் பின்னாலேயே வந்தாள்.

"எவ்ளோ நாளா கையில பலம் இல்ல?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு யாரும் சொல்லல."

"எனக்கே நான் சொல்லிக்கலடி." பிறகு இன்னொன்றையும் சொன்னாள். "தூங்குனா எழுந்திருக்க மாட்டேனோன்னு பயம். அதுக்குத்தான் தினமும் ஊத்தினேன்."

மகள் சிரிக்கவில்லை. "அப்பா தூங்கக்கூட இல்லியேம்மா. லிஃப்ட்லதான் வந்துட்டிருந்தாரு" என்று மட்டும் சொன்னாள். அதில் என்ன ஆறுதல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருந்தது.

அவள் வேண்டாம் கேனின் மூடியைத் திறந்து ஒரு டம்ளர் மொண்டு செடியில் ஊற்றினாள். இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். கேன்கள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தார்கள். பிறகு அவள் மரத்துப்போன ஆட்காட்டி விரலை வேணும் கேனின் தலையில் வைத்து அழுத்தினாள்.

"அம்மா, தள்ளக்கூடாது. அது ஏமாத்து."

"இந்த வீட்ல யாருடி ஏமாத்தல?"

விரலுக்குக் கேன் தெரியவில்லை. கேனுக்கு விரல் தெரிந்துவிட்டது. கப்பி ஒரு தடவை கிறீச்சிட்டது. வேணும் கேன் மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தது. அவள் அட்டையை வாங்கி, இடது கையால் கோணலாக எழுதினாள்: 'ஒரு டம்ளர் எடுத்தேன். ஒரு தள்ளு.' கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நடந்தது. எழுந்தாள். எழுந்ததும் முதலில் பார்த்தது நாத்தனார் முகத்தை. "அண்ணி, பேசுங்க, ஏதாவது பேசுங்க" என்று பதறினாள். பேசினாள், ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று நாத்தனாருக்கு அப்படி ஒரு வெற்றி. மூன்று வாரம் அவளே பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். பழைய குரல் திரும்பியதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கையில் பலம் வந்தது. கட்டைவிரல் முழுதாகத் திரும்பியது. ஆட்காட்டி விரலின் நுனி மட்டும் இன்னும் பாதிதான். டாக்டர் பொறுங்கள் என்கிறார், பொறுத்திருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து லேபுக்குப் போனபோது முதலில் கொடுத்தது அந்தக் கோரைப்பல் மனிதரின் செட்டுதான். பிரித்துச் சரியாக வைத்தாள். சிரிப்பு நேரானதும் அவர் வீட்டில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை என்று பல் டாக்டர் சொன்னார்.

கேன்களை மகள் இறக்கிக் கழுவி வைத்தாள். அட்டை பல்லம்மாவின் மேஜை டிராயரில் இருக்கிறது. பாத்ரூமுக்குப் பல்பு அவளே வாங்கிப் போட்டாள். அண்ணாந்து மாட்டும்போது கழுத்து வலிக்கவில்லை. கயிறு, பட்டை, பை, எல்லாவற்றையும் மடித்து மேலே போட்டாயிற்று. இரும்புக் கொக்கியை மட்டும் யாரும் கழற்றவில்லை.

படுக்கையறைக் கதவு இன்றைக்கும் ஒரு விரல் அகலத்துக்கு மூடுவதில்லை.